விரலுக்கு எத்தனை பர்சென்ட்: ஒரு பட்டியல் பிறந்த கதை

ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. நடுவிரல் என்றால் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. கட்டை விரலுக்கு 30, உள்ளங்கைக்குள் இருக்கும் அதன் அடி எலும்பும் சேர்ந்து போனால் 40. கட்டை விரல் மட்டும் மிஞ்சி மற்ற நான்கும் போனால் 50, அதுவும் போய்விட்டால் 60. ஒரு கண்ணை இழந்தால் 40, கண் இருந்து பார்வை மட்டும் போனால் 30. எலும்புக்குச் சேதமில்லாமல் சுண்டு விரலின் நுனிச் சதை மட்டும் துண்டானால் 2.

வடசென்னையில் திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் பக்கம் பிரஸ் ஷாப்பில் ரொம்ப நாள் வேலை பார்த்தவர்களில் பலருக்கு இந்த எண்களில் இரண்டு மூன்றாவது மனப்பாடம். யாருக்காவது அடிபட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப் பிரித்து, சில மாதம் கழித்து, ஊனத்தை மதிப்பிடும் ‘மெடிக்கல் போர்டு’ போய்விட்டு வந்தால், டீக்கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி “எத்தனை போட்டாங்க?” என்பதுதான். பர்சென்ட் என்ற சொல்லைக்கூட யாரும் சொல்வதில்லை. “பன்னெண்டு போட்டாங்க” என்றால் நடுவிரல் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

பவர் பிரஸ் என்பது பார்ப்பதற்கு எளிமையான இயந்திரம். கீழே ஒரு டை, மேலே ஒரு பஞ்ச், காலடியில் ஒரு மிதி. தகட்டை டையின் மேல் வைத்து, கையை எடுத்து, மிதியை அழுத்தினால் பல டன் எடையோடு பஞ்ச் இறங்கித் தகடு வளைந்துவிடும். அடுத்த தகடு, அடுத்த மிதி. கைக்கும் காலுக்கும் தாளம் தப்பாத வரைக்கும் ஒன்றும் இல்லை. ஷிப்டின் கடைசி மணி நேரத்தில் தாளம் தப்பும். கிளட்ச் தேய்ந்த இயந்திரத்தில் ஒருமுறை மிதித்தால் இரண்டு முறை இறங்குவதும் உண்டு. தடுப்புக் கம்பியோ, இரண்டு கையாலும் சேர்த்து அழுத்த வேண்டிய பொத்தானோ இருந்தால் விரல் உள்ளே போக வழியில்லை. ஆனால் அவற்றை மாட்டினால் ஒரு மணி நேரத்துக்கு வரும் பீஸ் குறையும் என்று கழற்றி வைப்பது சின்னப் பட்டறைகளின் வழக்கம். 1940களின் இறுதியில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸும் 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வந்த பிறகு, இந்தக் கரையோரம் முழுக்க உதிரிபாகங்கள் செய்யும் பட்டறைகள் முளைத்தன. பட்டறை இருக்கும் இடத்தில் பிரஸ் இருக்கும். பிரஸ் இருக்கும் இடத்தில் அந்தப் பட்டியலுக்கு வேலை இருக்கும்.

அந்தப் பட்டியல் நெடுங்காலம் இரண்டு சட்டங்களில் இருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் அது முதல் அட்டவணை. 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் இரண்டாம் அட்டவணை. வரிகள் கிட்டத்தட்ட ஒன்றே, பணம் வரும் விதம்தான் வேறு. ஈ.எஸ்.ஐ.யில் ஆயுசுக்கும் பென்ஷன்போல மாதாமாதம் வரும். சராசரி தினக்கூலியில் 90 சதவீதத்தை முழு விகிதமாக எடுத்துக்கொண்டு, அதில் எத்தனை பர்சென்ட் போட்டார்களோ அத்தனை. நாள் கூலி 600 ரூபாய் வாங்கியவருக்கு முழு விகிதம் 540. ஆள்காட்டி விரலுக்கு 14 சதவீதம் என்றால் நாளுக்கு 75 ரூபாய் 60 காசு, மாதம் சுமார் 2,268 ரூபாய். அவர் மறுபடி அதே வேலைக்குப் போய் அதே கூலி வாங்கினாலும் இது நிற்காது. உரிய காலத்தில் லைஃப் சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்கு மற்றச் சட்டம். அங்கே மொத்தமாக ஒரே தொகை. மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, வயதுக்கு ஏற்ப சட்டமே கொடுத்திருக்கும் ஒரு காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 16 வயதுக்கு அந்த எண் 228.54, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17. மாதம் 12,000 வாங்கும் 30 வயதுக்காரருக்கு 7,200ஐ 207.98ஆல் பெருக்கினால் 14,97,456 ரூபாய். இது உடம்பு முழுக்கச் செயலிழந்ததற்கான கணக்கு. ஆள்காட்டி விரலுக்கு அதில் 14 சதவீதம், 2,09,643 ரூபாயும் சில்லறையும்.

கணக்கு இத்தனை துல்லியமாக இருக்கும்போது, 14 என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். ஏன் 13 இல்லை, ஏன் 15 இல்லை? பிரஸ் ஓட்டுகிறவருக்கும் கணக்கு எழுதுகிறவருக்கும் நாதஸ்வரம் வாசிக்கிறவருக்கும் எப்படி ஒரே 14?

விடைக்கான துப்பு பட்டியலிலேயே கிடக்கிறது. கை பற்றிய வரிகளில் சில விசித்திரமான அளவுகள் வரும். தோளின் உச்சி எலும்பிலிருந்து அளந்து, எஞ்சிய கை 20.32 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால் 80 சதவீதம். அதற்குக் கீழே, முழங்கை முனையிலிருந்து 11.43 செ.மீ. வரைக்குள் துண்டிக்கப்பட்டிருந்தால் 70. கால் வரிகளில் 12.70 செ.மீ., 8.89 செ.மீ. என்று வரும். எந்த டாக்டர் வெட்டுப்பட்ட கையை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்? 2.54ஆல் வகுத்துப் பாருங்கள். 20.32 என்பது எட்டு அங்குலம். 11.43 நாலரை அங்குலம். 12.70 ஐந்து, 8.89 மூன்றரை. யாரோ அங்குலத்தில் எழுதியதை, நம் நாடு மெட்ரிக்குக்கு மாறிய பிறகு ஒரு குமாஸ்தா தசமப் புள்ளி விடாமல் பெருக்கி எழுதியிருக்கிறார். எழுதிய அந்த யாரோ பட்டறையை நினைத்து எழுதவில்லை. போர்க்களத்தை நினைத்து எழுதினார்.

போரில் உறுப்பை இழந்தவனுக்கு விலை குறிப்பது பழைய வழக்கம்தான். கரீபியன் கடல் கொள்ளையர்களே அதைச் செய்திருக்கிறார்கள். அவர்களோடு திரிந்த எக்ஸ்கெமலின் 1678இல் வெளியிட்ட நூலில், வலது கை போனால் 600 வெள்ளிக் காசு, இடது கைக்கு 500, கண்ணுக்கு 100, விரலுக்கும் 100 என்று கொள்ளை தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறது. கொள்ளையனுக்குக்கூட முன்கூட்டியே விலை தெரிந்திருக்க வேண்டியிருந்தது. அரசுகளுக்கு அந்தத் தெளிவு வர இன்னும் நூறு வருஷம் ஆனது.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். ராயபுரத்திலிருந்து ராஜாஜி சாலை வழியே தெற்கே வந்தால் ஜார்ஜ் கோட்டை. 1744இல் அங்கே கணக்கு எழுதும் ரைட்டராக வந்து சேர்ந்த ராபர்ட் கிளைவ், பிற்பாடு வங்காளத்தில் மீர் ஜாபரை நவாபாக்கி, தானும் பெரும் பணக்காரனானான். 1765இல் மீர் ஜாபர் இறந்தபோது கிளைவுக்கு ஐந்து லட்சம் ரூபாய் எழுதி வைத்திருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று அப்போது கெடுபிடி வந்திருந்த நேரம். வாங்கினால் வம்பு, விட்டால் நஷ்டம். கிளைவ் மூன்றாவது வழி ஒன்று கண்டுபிடித்தான். கம்பெனிப் படையில் அடிபட்டும் நோயுற்றும் வேலைக்கு உதவாமல் போன ஐரோப்பிய அதிகாரிகள், சோல்ஜர்கள், அவர்களுடைய விதவைகள் ஆகியோருக்கு இந்தப் பணம் ஒரு நிதியாகட்டும் என்றான். பிறகு வந்த நவாப் ஒருவரும் மூன்று லட்சம் சேர்த்தார். 1770இல் பத்திரம் எழுதப்பட்டது. லார்ட் கிளைவ் நிதி என்று அதற்குப் பெயர். கெட்ட பெயரைக் கழுவிக்கொள்ள இதைவிட நல்ல சோப்பு கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பணத்தில் நூற்றுக்கணக்கான ஊனமுற்ற சோல்ஜர்கள் சாப்பிட்டார்கள் என்பதும் உண்மை.

இந்த நிதியில் பட்டியல் கிடையாது. கை போனவனுக்கும் கால் போனவனுக்கும் குடல் கெட்டுப் போனவனுக்கும் ஒரே தீர்ப்புதான்: வேலைக்கு ஆவானா, ஆக மாட்டானா? ஆக மாட்டான் என்றால் அதிகாரிக்குப் பாதிச் சம்பளம், சாதாரணச் சோல்ஜருக்கு நாளுக்குச் சில பென்ஸ். தொகையை நிர்ணயித்தது காயம் இல்லை, பதவி. அதிகாரியாக இருந்தால் இன்ன தொகைக்கு மேல் தன்னிடம் சொத்தில்லை என்று சத்தியம் வேறு செய்ய வேண்டும். அந்தத் தொகையும் பதவிக்குப் பதவி ஏறும். ஏழை கர்னலின் ஏழ்மை வேறு, ஏழை லெப்டினென்டின் ஏழ்மை வேறு என்பது கம்பெனியின் கருத்து.

பூந்தமல்லி, திருப்பாச்சூர், பல்லாவரம் எங்கும் அந்நாளில் பென்ஷன் வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரச் சோல்ஜர்கள் இருந்தார்கள். பல்லாவரத்தில் ‘வெட்டரன் லைன்ஸ்’ என்று ஒரு தெருப் பெயர் இன்றும் இருக்கிறது. கம்பெனிக்காகக் கர்நாடகப் போர்களிலும் மைசூர்ப் போர்களிலும் கை கால் இழந்த நம் சிப்பாய்களுக்குக் கிளைவ் நிதியில் பங்கில்லை. அவர்களுக்கு வேறு கணக்கு, வேறு விகிதம், குறைந்த விகிதம். வங்காள நவாபின் பணம் வங்காளிக்கும் போகவில்லை, தமிழனுக்கும் போகவில்லை.

இந்த நிதியின் முடிவு இன்னும் வேடிக்கை. 1858இல் கம்பெனி ஆட்சி ஒழிந்து படை ராணியின் கைக்குப் போனது. “கம்பெனிக்குப் படையே இல்லை, இனி நிதி எதற்கு? அசலைத் திருப்பிக் கொடுங்கள்” என்று கிளைவின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். 1863இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மீர் ஜாபர் கொடுத்தது, ஒரு நூறாண்டு சோல்ஜர்களுக்குச் சோறு போட்டுவிட்டு, கிளைவின் பேரப்பிள்ளைகள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

கிளைவ் நிதி எழுதப்பட்ட ஆறே வருஷத்தில், உலகின் அடுத்த கோடியில், இந்தக் கேள்வி வேறு விதமாக எழுந்தது. பிரிட்டனோடு போரில் இறங்கியிருந்த அமெரிக்கக் காலனிகளின் காங்கிரஸ், 1776 ஆகஸ்ட் 26 அன்று, கை கால் இழந்தவருக்குப் பாதிச் சம்பளம் என்று தீர்மானம் போட்டது. அதுவரை கிளைவ் நிதியின் தினுசுதான். ஆனால் 1785 ஜூனில் இன்னொரு தீர்மானம் வந்தது. அறவே உழைக்க முடியாத சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் ஐந்து டாலர். அந்த அளவுக்கு ஊனமில்லாதவருக்கு, முழுசாக ஊனமுற்றவனோடு ஒப்பிட்டு அதற்குத் தக்க தொகை. ‘ஆவானா, ஆக மாட்டானா’ என்ற கேள்வி ‘எத்தனை பங்கு ஆகாமல் போனான்’ என்று மாறியது இங்கேதான். டீக்கடையில் கேட்கப்படும் அந்த “எத்தனை?”யின் மூதாதை இந்தத் தீர்மானம் என்று சொன்னால் தப்பில்லை.

பங்கு போடுவது என்று வந்தவுடன், பங்கு போடுகிறவர் யார் என்ற தகராறும் வந்தது. புது நாட்டுக்குப் பணமில்லை, பொய்க் கோரிக்கைகள் வருமென்ற பயமும் இருந்தது. 1792இல் ஒரு சட்டம், இந்த வேலையை நீதிபதிகளின் தலையில் கட்டியது. சிப்பாய் கோர்ட்டுக்கு வர வேண்டும். படையில் காயம்பட்டதற்குச் சாட்சி வேண்டும். படையை விட்டு வந்த பிறகு எப்படிப் பிழைக்கிறான் என்று சொல்ல அக்கம்பக்கத்தில் நிலபுலன் உள்ள மூன்று பேர் வேண்டும். நீதிபதி காயத்தைப் பார்த்து, மாதச் சம்பளத்தில் இன்ன பங்கு தரலாம் என்று எழுத வேண்டும். எழுதியதைப் போர் அமைச்சர் நிறுத்தி வைக்கலாம்.

நீதிபதிகளுக்கு இது பிடிக்கவில்லை. கோர்ட் தீர்ப்பை ஓர் அமைச்சர் திருத்துவதா? பென்சில்வேனியாவில் வில்லியம் ஹேபர்ன் என்பவரின் மனு வந்தபோது, இது நீதிமன்ற வேலையே இல்லை என்று நீதிபதிகள் விசாரிக்க மறுத்து, ஜனாதிபதி வாஷிங்டனுக்கே கடிதம் எழுதிவிட்டார்கள். நியூயார்க்கில் இருந்த நீதிபதிகள் கொஞ்சம் இளகிய மனசுக்காரர்கள். நீதிபதிகளாக முடியாது, கமிஷனர்களாக உட்கார்ந்து வேண்டுமானால் பார்க்கிறோம் என்றார்கள். உச்ச நீதிமன்றம் முடிவு சொல்வதற்குள் காங்கிரஸ் 1793 பிப்ரவரியில் சட்டத்தையே மாற்றிவிட்டது. இனிச் சாட்சியம் பதிவு செய்வதோடு நீதிபதியின் வேலை சரி. ஊனத்தின் தன்மையையும் அளவையும் இரண்டு மருத்துவர்கள் சத்தியம் செய்து எழுத வேண்டும். அமெரிக்க வழக்கறிஞர்களுக்கு ஹேபர்ன் வழக்கு, அதிகாரப் பிரிவினை பற்றிய முதல் பாடம். எனக்கு அதில் தெரிவது, மெடிக்கல் போர்டு பிறந்த நேரம்.

அதன் பிறகு அமெரிக்கர்கள் பின்னத்திலேயே வாழ்ந்தார்கள். மூன்றில் ஒன்று, நான்கில் மூன்று என்று தொடங்கி, உள்நாட்டுப் போருக்குப் பிறகு பதினெட்டில் இத்தனை என்று டாக்டர்கள் எழுதும் அளவுக்குப் போனது. ஒரு காலத்தில் சில ஊனங்களுக்கு மாதம் 18 டாலர் என்றிருந்ததால் பதினெட்டு. “பதினெட்டில் ஆறு” என்றால் ஆறு டாலர்.

பட்டியலை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது முதல் உலகப் போர். பிரிட்டனில் 1916 டிசம்பரில் பென்ஷனுக்கென்றே ஓர் அமைச்சகம் தொடங்கினார்கள். திரும்பி வந்தவர்கள் லட்சக்கணக்கில். ஒவ்வொருவரையும் தனித்தனியாக யோசிக்க நேரமில்லை. முழு ஊனத்துக்கு வாரம் 27 ஷில்லிங் 6 பென்ஸ், மற்றதெல்லாம் அதில் இத்தனை சதவீதம் என்று உறுப்புவாரியாக அட்டவணை வந்தது. எங்கே வெட்டுப்பட்டது என்பதை அங்குலத்தால் அளந்தார்கள். வலது கைக்குக் கொடுத்ததைவிட இடது கைக்கு வாரம் ஒரு ஷில்லிங் குறைவு. இடது கைப் பழக்கமுள்ளவர்கள் என்ன செய்தார்களோ!

இதற்கிடையில் தொழிற்சாலையும் இதே வழியில் நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனி 1884இலேயே விபத்துக் காப்பீட்டைக் கொண்டுவந்திருந்தது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணம் 1911இல் வாரக்கணக்கில் விலை போட்டது. கட்டை விரலுக்கு 60 வாரத்துக்குப் பாதிக் கூலி, ஆள்காட்டி விரலுக்கு 35 வாரத்துக்குப் பாதிக் கூலி. சிப்பாயை அளந்த அதே கோலால் தொழிலாளியை அளக்கலாம் என்று பல நாடுகளுக்கும் அடுத்தடுத்துத் தோன்றியிருக்கிறது. இயந்திரத்தில் கை போவதும் குண்டில் கை போவதும் கணக்குப் பிள்ளைக்கு ஒன்றுதானே.

சென்னையில் 1918 ஏப்ரலில் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோர் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பெரம்பூர் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தம் 1921இல். சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடியது 1923 மே முதல் தேதி. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், அந்த மார்ச்சில், தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் டெல்லியில் நிறைவேறியிருந்தது. நடைமுறைக்கு வந்தது 1924 ஜூலை 1. கொடி ஏற்றியவர்களின் கோரிக்கையும் வெள்ளை அரசின் சட்டமும் ஒரே வேனிலில் வந்தவை.

அந்த முதல் பட்டியலைப் பார்த்தால் போர்க்களத்து வாசனை அப்படியே இருக்கும். வலது கை முழங்கையிலோ அதற்கு மேலோ போனால் 70, இடது கைக்கு 60. முழங்கைக்குக் கீழே வலது 60, இடது 50. கண் ஒன்றுக்கு 30. கட்டை விரலுக்கு 25, ஆள்காட்டிக்கு 10, மற்ற விரல் ஒவ்வொன்றுக்கும் 5. பெரியவர் ஒருவர் முழுசாகச் செயலிழந்தால் 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. மாதம் 20 ரூபாய் வாங்கியவருக்கு 840 ரூபாய். ஆள்காட்டி விரல் போயிருந்தால் அதில் பத்தில் ஒன்று, 84 ரூபாய். ஒரே தடவை, அதோடு கணக்கு முடிந்தது. பிரிட்டனில் வாராவாரம் கொடுத்தார்கள். இங்கே தொழிலாளி அடிபட்டால் கிராமத்துக்குப் போய்விடுவான், தேடிப் பிடித்து வாராவாரம் யார் கொடுப்பது என்று மொத்தமாகக் கொடுத்துவிடத் தீர்மானித்தார்கள். கடலோரக் குப்பத்தில் பிறந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்கும் அதே சட்டம்தான். அவன் எந்தக் கிராமத்துக்குப் போவான் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் போருக்குப் பிறகு பிரிட்டன் தன் போர்ப் பென்ஷன் பட்டியலை ஹான்காக் குழுவை வைத்து 1947இல் சீர்படுத்தியது. அடுத்த வருஷமே அதைத் தொழில் விபத்துகளுக்கும் எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலையும் இன்று நம் கையில் இருக்கும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஆள்காட்டி விரலுக்கு அங்கேயும் 14, நடுவிரலுக்கு அங்கேயும் 12, கட்டை விரலுக்கு 30. எட்டு அங்குலமும் நாலரை அங்குலமும் அங்கேதான் இருக்கின்றன. 1962இல் நம் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 1923இன் பழைய அட்டவணையை எடுத்துவிட்டு இதை வைத்தது. 1966இல் ஈ.எஸ்.ஐ. சட்டத்துக்கும் அது போனது. நல்ல மாற்றம் ஒன்றும் அதில் நடந்தது: வலது, இடது பேதம் ஒழிந்தது. எந்தக் கையானாலும் கைதான். மற்றபடி, பிரிட்டிஷ் சோல்ஜருக்காகக் குறித்த எண்களில் எண்ணூர் பிரஸ் ஆபரேட்டரின் வாழ்க்கை அடங்கிவிட்டது.

இந்தப் பட்டியலை மட்டமாகப் பேச எனக்கு மனசில்லை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பேரம் நடக்கும். பேரத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பது தெரிந்ததே. நஷ்ட ஈட்டு ஆணையராக உட்காரும் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால், முதலாளியின் வக்கீல் எத்தனை பேசினாலும் 14ஐ 10 ஆக்க முடியாது. கிளைவ் நிதியின் அதிகாரிபோல முகம் பார்த்துத் தீர்மானிக்கவும் முடியாது. அந்த அளவில் பட்டியல் தொழிலாளிக்குக் கவசம்.

ஆனால் சிப்பாயை அளந்ததில் ஒரு நியாயம் இருந்தது. படையிலிருந்து வெளியே வருகிறவன் அடுத்து என்ன வேலை செய்வான் என்று தெரியாது, ஆகவே பொதுவாக ஒரு மனித உடம்பை வைத்து அளந்தார்கள். தொழிலாளியின் வேலை தெரியும். அவனுடைய வேலையில்தானே அடிபட்டான்? உடம்பை அளக்கிற கோல் உழைப்பை அளக்காது என்பதை நம் உச்ச நீதிமன்றம் 1975இன் கடைசியில் ஒரு தச்சரின் வழக்கில் எடுத்துச் சொன்னது. ஒரிசாவில் வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து, அவருடைய இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. பட்டியலைப் பார்த்தால் நூறுக்குக் குறைவு. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அந்தத் தச்சருக்குப் போனது நூறு சதவீதம் என்று ஆணையர் சொல்லியிருந்தார். உச்ச நீதிமன்றம் அது சரி என்றது. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் சீனிவாஸ் சபதா என்ற அந்தத் தீர்ப்பு இல்லாமல் இன்று நஷ்ட ஈட்டு வக்கீல் யாரும் வாதாட எழுந்திருப்பதில்லை.

படைவீரர்கள் பக்கம் இதற்குள் வேறு ஒன்று நடந்துவிட்டது. மெடிக்கல் போர்டுக்குப் போர்டு எண் மாறுகிறது, அதில் டாக்டரின் சொந்த அபிப்பிராயம் அதிகம் என்று ஐந்தாவது ஊதியக் குழு குறைபட்டது. 1996 முதல் கணக்கில் வருமாறு ஒரு விதி வந்தது. ஊனத்தால் படையிலிருந்து வெளியேற்றப்பட்டவருக்கு 50க்குக் கீழே எத்தனை போட்டிருந்தாலும் 50 என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் 75, பிறகு 100. பட்டியல் பிறந்தது படைவீரனுக்காக. அதன் துல்லியத்தை நம்ப முடியாது என்று முதலில் ஒப்புக்கொண்டதும் படைவீரனுக்காகத்தான். பிரஸ் ஷாப்புக்கு அந்தச் சலுகை வரவில்லை. அங்கே 2 என்றால் 2, 9 என்றால் 9. நான் இந்தச் சட்டத்தில் ஒரே ஒரு வரியைத் திருத்தலாம் என்று யாராவது சொன்னால், சதவீதங்களைத் தொட மாட்டேன், இந்த முழுமையாக்கும் விதியைத்தான் ஈ.எஸ்.ஐ.க்குக் கொண்டுவருவேன். 2020இல் இந்த இரண்டு உள்படப் பல தொழிலாளர் சட்டங்களை ஒரே மூட்டையாகக் கட்டிச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு கொண்டுவந்தபோது அதற்கு வாய்ப்பு இருந்தது. பட்டியல் பழைய எண்களோடு புது மூட்டைக்குள் போனது.

தச்சரின் தீர்ப்பாவது இருக்கிறதே என்றால், அதற்கும் ஒரு தடை பட்டறையிலேயே காத்திருக்கிறது. பிரஸ் ஓட்டுகிறவர் பலர் காண்ட்ராக்ட் ஆட்கள். மஸ்டரில் அவர்கள் பெயருக்கு எதிரே ‘ஹெல்பர்’ என்று இருக்கும். ஆபரேட்டர் என்று எழுதினால் ஆபரேட்டர் சம்பளம் கொடுக்க வேண்டும். சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 2019 முதல் வெளியிடும் வாகன உதிரிபாகத் தொழில் அறிக்கைகளிலும், ஹெல்பர் என்ற பெயரில் பிரஸ் ஓட்டி விரல் இழந்தவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மூன்று விரல் இல்லாமல் பிரஸ் ஓட்ட முடியாது என்று வாதாடலாம். மூன்று விரல் இல்லாமல் தரையைப் பெருக்க முடியாது என்று வாதாடுவது கஷ்டம். அதனால்தான் விவரம் தெரிந்த சங்கக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவுடன் கட்டுப்போட்ட கையைப் பார்ப்பதற்கு முன், விபத்து அறிக்கையை வாங்கி ‘தொழில்’ என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறார்கள்.